நடுச்சாமத்து வாத்து

இரவு இரண்டு மணி. கூடத்தில் வாத்து கத்துகிறது. சென்னை அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு வாத்து வர வழியில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், எங்கள் ஜிம்மி. பதினோரு வயதுப் பொமரேனியன்; ஏழு கிலோ எடை; பாதி முடி, பாதி பிடிவாதம். கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி ஊன்றி, ‘ஹாங்க் ஹாங்க்’ என்று இருமுகிறான். கடைசியில் ஒருமுறை ஓங்கரித்தான், எதையோ விழுங்கினான், மூக்கை நக்கிக்கொண்டான், பிறகு எதுவுமே நடக்காததுபோல என்னைப் பார்த்தான்.

“தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்டா, ஒரு வாழைப்பழம் குடு” என்றார் அம்மா உள்ளறையிலிருந்து. மூன்று மாதமாக இதே எலும்பு, இதே வாழைப்பழம்.

கால்நடை மருத்துவரிடம் கைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “எப்படி இருமுறான்னு தெரிஞ்சிடுச்சு சார். எப்போ இருமுறான்?” என்றார். சங்கிலியை இழுக்கும்போதா, தண்ணீர் குடிக்கும்போதா, தூங்கும்போதா, வேறு நாய்களோடு இருந்துவிட்டு வந்த பிறகா? எலும்பு சிக்கினால் மூன்று மாதம் இப்படி ஓடியாடிக்கொண்டிருக்க மாட்டான் என்றார். நாய் எச்சிலைத் துப்பாது. இருமி மேலே கொண்டுவந்த சளியை விழுங்கிவிடும். நாம் எலும்பு என்று நினைக்கும் அந்த ஓங்கரிப்பு, பெரும்பாலும் ஒரு இருமலின் கடைசி வரிதான்.

ஒரு இருமல் முடிய ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் எத்தனை வேலை! குரல்வளையிலும், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவையிலும் தொடு உணர்வுள்ள நரம்பு நுனிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு துகள் உரசினால் போதும். வேகஸ் என்னும் நீண்ட நரம்பு வழியே மூளையின் அடித்தண்டுக்குச் செய்தி போகிறது. உடனே நாய் காற்றை ஆழமாக உள்ளே இழுக்கிறது. அடுத்து குரல்வளையின் கதவு இறுக மூடுகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் வயிறும் விலாவும் சேர்ந்து காற்றை நெருக்குகின்றன. மனிதரில் இந்தக் கதவடைப்பு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். பிறகு கதவு படாரென்று திறக்கிறது. அந்த நேரம் பார்த்து மூச்சுக்குழலின் தசைச்சுவரும் உள்ளே குழிந்து பாதையைக் குறுக்குகிறது. செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிறதே, அதே தந்திரம்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு தினமும் தேவைப்படாமல் இருப்பதற்குக் காரணம், சத்தமே போடாத இன்னொரு படை. மூச்சுக்குழலின் உட்சுவரில் குறுஇழைகள் அடர்ந்திருக்கின்றன. இவை உயிரணுவின் தலையில் முளைத்த, தானே அசையும் நுண்ணிய மயிர்கள். ஓர் உயிரணுவில் சுமார் 200. ஒவ்வொன்றின் நீளமும் நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துடுப்புப் போடுகின்றன. நாளொன்றுக்குப் பத்து லட்சம் முறை. எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. நெல் வயலில் காற்று போவதுபோல அலையலையாக அடிக்கின்றன. அந்த அலைமேல் சளி மெல்லிய போர்வையாக ஏறி, தூசியையும் கிருமியையும் சுமந்துகொண்டு தொண்டைக்கு வந்து, வயிற்றுக்குள் போய்விடுகிறது. இழைகளால் முடியாதபோதுதான் இருமல் வருகிறது.

அந்தத் துடுப்புக்காரர்களையே கட்டிப்போடத் தெரிந்த கிருமி ஒன்று உண்டு: போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா. நாய்கள் கூட்டமாகத் தங்கும் விடுதிகளில் பரவும் ‘கென்னல் காஃப்’ என்ற தொற்றிருமலில் இதற்குப் பெரும் பங்கு. சில வைரஸ்களும் கூட்டுச் சேரும். இந்த பாக்டீரியா நேராகப் போய்க் குறுஇழைகளைப் பற்றிக்கொள்கிறது; பிறகு ஒரு நச்சை விட்டு அவற்றின் அசைவை நிறுத்துகிறது. நகரும் படிக்கட்டு நின்றால் சளி அங்கேயே தேங்கும். மிச்சம் இருக்கும் ஒரே வழி இருமல். நம் குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமலின் கிருமி இதன் நெருங்கிய உறவு. கக்குவான் கிருமியை 1906இல் பிரித்தெடுத்த இருவரில் ஒருவரான பெல்ஜியத்து ஜூல் போர்தே பெயரைத்தான் இந்தக் குடும்பமே தாங்குகிறது. கென்னல் காஃப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தானே அடங்கும், தடுப்பூசியும் உண்டு. அதில் ஒரு வகையை மூக்கில் சொட்டாகவே விடலாம். திருடன் நுழையும் வாசலிலேயே காவல் போடும் யோசனை அது.

ஜிம்மி எந்த விடுதிக்கும் போனதில்லை. மூன்று மாதம் என்பது மூன்று வாரமும் இல்லை. மருத்துவர் அவன் கழுத்தின் அடியில் இரண்டு விரலை வைத்து மூச்சுக்குழலை மெதுவாக அழுத்தினார். உடனே வாத்து கத்தியது. “சங்கிலியை இழுத்தா, காலிங் பெல் அடிச்சு ஓடினா, சந்தோஷத்துல குதிச்சா, அப்போதானே அதிகம்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெல் அடித்தால் அவன் குரைப்பது பாதி, இருமுவது பாதி.

மூச்சுக்குழல் வெறும் ரப்பர் குழாய் இல்லை. காற்றை இழுக்கும்போது அது உள்ளொடுங்கிவிடாமலிருக்கக் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாகத் தாங்குகின்றன. நமக்கு 16 முதல் 20 வரை. நாய்க்குச் சுமார் 40. ஆனால் எதுவும் முழு வளையம் இல்லை. நாய் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு வளையத்தை முன்னாலிருந்து பார்த்தால் தமிழின் ‘ப’ போல இருக்கும். மூலைகளை மட்டும் வளைத்துக்கொள்ளுங்கள். அடியும் பக்கங்களும் குருத்தெலும்பு. மேலே திறந்த வாய். அந்த வாயின் குறுக்கே ஒரு தசைச் சவ்வு, பந்தல் துணிபோல இழுத்துக் கட்டியிருக்கிறது. இருமும்போது குழிவதற்கு இடம் கொடுப்பது இந்தத் துணிதான்.

பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிறிய இனங்கள் சிலவற்றில், வயதாக ஆக இந்தக் குருத்தெலும்பு தன்னுள் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்களை இழக்கிறது. நீர் போனால் விறைப்பும் போகிறது. ‘ப’ மெல்லச் சப்பையாகிறது. கால்கள் விரிய, மேலே கட்டிய துணி மழையில் நனைந்த பந்தல்போலத் தொய்ந்து பாதைக்குள் தொங்குகிறது. மூச்சுக்குழல் தளர்வு என்று இதைச் சொல்லலாம். மருத்துவர்கள் நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: பாதையில் கால் பங்கு அடைப்பு, அரை, முக்கால், முழுது. தொங்கும் சவ்வு எதிர்ச்சுவரில் பட்டுப் படபடப்பதுதான் அந்த வாத்துச் சத்தம்.

கால் பங்கு, அரைப் பங்கு என்று கேட்கும்போது சின்ன விஷயம்போலத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டுப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், ஒரு பயங்கரமான கணக்கைக் கண்டார். குழாயின் விட்டம் பாதியானால், சீரான ஓட்டத்துக்கு எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது. இளநீர்க்கடையில் உறிஞ்சுகுழலை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் ஒட்டிவிடும். நாய்க்கும் அப்படித்தான். அதைவிட மோசம், பலமாக உறிஞ்ச உறிஞ்சத் தளர்ந்த குழல் மேலும் ஒட்டிக்கொள்கிறது. கழுத்துப் பகுதியில் தளர்வு இருந்தால் மூச்சை இழுக்கும்போது மூடும். நெஞ்சுக்குள் இருந்தால் மூச்சை விடும்போதும் இருமும்போதும் மூடும்.

நம் ஊர் வெயில் இதை ஏன் கிளப்பிவிடுகிறது? நாயின் மூச்சுப் பாதை வெறும் காற்றுவழி இல்லை. அதுவே அதன் ஏர்கூலர். உள்ளங்காலில் கொஞ்சம் கசிவதைத் தவிர நாய்க்கு வியர்வையால் பயனில்லை. ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை மூச்சு விடும் நாய், சூடேறினால் 300 முறைக்கு மேல் இரைக்கிறது. அப்படி இரைப்பதே உடம்பைச் சூடாக்கிவிடாதா? அங்கேதான் சாமர்த்தியம். ஊஞ்சலை அதன் போக்கில் தட்டினால் ஒரு விரலே போதும். மாற்றித் தட்டினால் கை வலிக்கும். நாயின் நெஞ்சுக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. இரைப்பு ஏறக்குறைய அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போகிறது. இந்த ஒத்ததிர்வினால் இவ்வளவு வேகமும் கொஞ்சம் உழைப்பிலேயே நடந்துவிடுகிறது. ஆனால் நிமிடத்துக்கு 300 முறை காற்று போய்வரும் பாதையில் ஒரு நனைந்த துணி தொங்கினால்? சித்திரை மதியத்தில் ஜிம்மியின் வாத்து ஓயாததற்கு இதுதான் காரணம்.

இதே இருமல் ஒரு கிழட்டு லாப்ரடாரிடம் தண்ணீர் குடிக்கும்போது வந்தால், முகவரி மாறுகிறது. அதோடு குரைப்பும் கரகரத்துப் போயிருந்தால் மருத்துவரின் கை குரல்வளைக்குப் போகும். குரல்வளைக் கதவைத் திறக்கும் நரம்பின் பயணம் உடற்கூறியலின் வேடிக்கைகளில் ஒன்று. மூளையிலிருந்து கிளம்பும் அது, பக்கத்திலேயே இருக்கும் குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்குகிறது. இடப்பக்க நரம்பு இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. சைதாப்பேட்டையில் ரயில் ஏறியவர் அடுத்த நிறுத்தமான கிண்டியில் இறங்காமல், செங்கல்பட்டு வரை போய்த் திரும்பி வந்து கிண்டியில் இறங்குவதுபோல. நீளமான நரம்புகள் முதுமையில் முதலில் நலிகின்றன. அதனால்தான் கரகரத்த குரலும், தடுமாறும் பின்னங்கால்களும் ஒரே நாயிடம் சேர்ந்து வருவதுண்டு. கதவு திறக்காதபோது மூச்சுக்குத் திணறுகிறது. சரியாக மூடாதபோது தண்ணீர் தவறான வழியில் போகிறது.

இரவில், படுத்திருக்கும்போது வரும் இருமல் என்றால் சந்தேகம் இதயத்தின் பக்கம் திரும்பும். சின்ன நாயின் இதயம் நிமிடத்துக்கு 100 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் 52 கோடி முறை. அத்தனை முறையும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு திறந்து மூடுகிறது. எந்த வீட்டுக் கதவு அத்தனை அடியைத் தாங்கும்? வயதான சிறிய நாய்களில் இந்த வால்வின் இதழ்கள் தடித்து, விளிம்பு சரியாகப் பொருந்தாமல் போகிறது. ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. ‘லப்-டப்’ நடுவே ஸ்டெதஸ்கோப்பில் ஒரு ‘உஷ்’ கேட்கிறது. கசிவைத் தாங்கித் தாங்கி மேலறை பலூன்போல வீங்கும். அதன் நேர் மேலே போவது இடப்பக்க மூச்சுக்கிளை. ஏற்கெனவே தளர்ந்த அந்தக் குழாயைக் கீழிருந்து வீங்கிய இதயம் முட்டினால், இருமல்.

இதயம் வீங்கியிருக்கிறதா என்று எப்படி அளப்பது? சிவாவாவின் இதயமும் கிரேட் டேனின் இதயமும் ஒரே அளவுகோலில் அடங்காதே. 1995இல் ஜேம்ஸ் புக்கானனும் அவருடைய சகா பியூஷ்லரும் அழகான வழி ஒன்றைச் சொன்னார்கள்: அளவுகோலை நாயிடமே கடன் வாங்குங்கள். எக்ஸ்ரேயில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, அதே நாயின் முதுகெலும்பின்மேல் வைத்து, எத்தனை முள்ளெலும்பு நீளம் வருகிறது என்று எண்ண வேண்டும். பெரும்பாலான நலமான நாய்களில் இரண்டையும் கூட்டினால் சராசரி 9.7. பத்தரைக்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். ஜிம்மியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மருத்துவர் பென்சிலால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டு எண்ணினார். “பத்தேகால்” என்றார். முருங்கைக்காயைச் சாண் போட்டு வாங்குவதுபோல இருந்தது.

கொசுவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. இதயப்புழுவின் இளம் புழு கொசுக்கடி வழியாக நாய்க்குள் நுழைந்து, சில மாதம் பயணம் செய்து, நுரையீரலுக்குப் போகும் தமனிகளில் குடியேறுகிறது. அங்கே பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. ஐந்து முதல் ஏழு ஆண்டு வாழும். இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் நன்கு அறியப்பட்ட நோய் இது. வந்த பிறகு விரட்டுவது கடினம். மாதம் ஒரு மாத்திரையில் வராமல் தடுப்பது எளிது.

இதுவரை சொன்னதில் சத்தமான முகவரிகள் எல்லாம் வந்துவிட்டன. மிகப் பெரிய ஆச்சரியம் சத்தமில்லாத இடத்தில் இருக்கிறது. இருமலைத் தூண்டும் நரம்பு நுனிகள் பெரிய குழாய்களில்தான் நெருக்கம். கீழே போகப் போகக் குறைகின்றன. காற்றும் ரத்தமும் கைமாறும் நுண்ணறைகளில் இருமலுக்கான மணியே இல்லை எனலாம். கசியும் இதயத்தால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது, அந்த நீர் முதலில் சேர்வது மணியில்லாத அந்த அறைகளில்தான். வாத்துபோலக் கத்தி வீட்டையே எழுப்பும் நாய், பல நாள் அப்படியே காலம் தள்ளும். இருமாமலே வேகமாக மூச்சுவிடும் நாய்க்கு அன்றிரவே ஆக்சிஜன் தேவைப்படலாம்.

ஆகவே மருத்துவர் எங்களுக்குக் கொடுத்த முதல் மருந்து, ஒரு கடிகாரம். நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கனவில் கால் உதறும் நேரத்தை விட்டுவிடலாம். 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 30க்கு மேலே போனால், அல்லது அவனுடைய வழக்கத்தைவிட நாளுக்கு நாள் ஏறினால், உடனே அழைக்க வேண்டும். ஈறும் நாக்கும் நீலமாகவோ வெளுத்தோ போனாலும், மயங்கி விழுந்தாலும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாலும், எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. வண்டியை எடுக்க வேண்டும். செலவில்லாத இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், இதயத்துக்கு நேரம் வாங்கித்தர இப்போது வழி இருக்கிறது. 2016இல் வெளியான ‘எபிக்’ என்ற ஆய்வில், வால்வுக் கசிவால் இதயம் பெருத்திருந்தும் அறிகுறி தொடங்காத 360 நாய்களைக் கவனித்தார்கள். பைமோபெண்டான் என்ற மருந்து, இதயம் தளரும் நாளைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிருக்கு அது நம் கணக்கில் ஏழெட்டு ஆண்டு.

ஜிம்மிக்கு மாற்றியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கழுத்துப்பட்டை போய் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் வந்தது. சங்கிலியின் இழுப்பு இனித் தளர்ந்த குழலில் விழாது. ஒரு கிலோ குறைக்கச் சொன்னார்கள். ஏழில் ஒன்று, 70 கிலோ மனிதர் பத்துக் கிலோ குறைப்பதற்குச் சமம். கழுத்தையும் நெஞ்சையும் நெருக்கும் கொழுப்பு கரைந்தாலே பல நாய்களுக்கு இருமல் குறைந்துவிடும். அம்மாவின் டீயில் நனைத்த பிஸ்கட் நின்றது. கொசுவத்திச் சுருள் நின்றது. ஊதுவத்தியும் சாம்பிராணியும் பூஜையறைக் கதவுக்குள் அடங்கின. நடை, வெயிலுக்கு முந்தைய காலையில். இருமலை அடக்கும் மருந்தும் கொஞ்ச நாள் தந்தார். தளர்ந்த குழலில் ஒவ்வொரு இருமலும் சுவரைப் புண்ணாக்கி அடுத்த இருமலைத் தூண்டும். அந்தச் சுற்றை அறுக்கத்தான் மருந்து. சளி நிறைந்த நிமோனியா நாய்க்கு இதே மருந்தைக் கொடுத்தால் வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டியதாகிவிடும். இவையெல்லாம் தோற்கும் சில நாய்களுக்கு நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிடினால் கம்பியில் பின்னிய ஸ்டென்ட் வைக்கிறார்கள். நனைந்த பந்தலுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுப்பது அது.

செய்யக் கூடாததையும் எழுதியே கொடுத்தார். நம் இருமல் சிரப்பைக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை சேர்க்காத சிரப்புகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிடால் இருக்கும். நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும்; ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரியலாம். பாரசிட்டமாலும் இபுபுரூபனும் நாமாகக் கொடுக்கக் கூடாதவை. நம் வீட்டுக் கைவைத்தியத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது: இருமலுக்கு நாம் நம்பும் சின்ன வெங்காயச் சாறு. வெங்காயத்தில் உள்ள கந்தகப் பொருள்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. அதைக் கேட்டு அம்மாவின் முகம் மாறியது. “நல்லவேளை, வாழைப்பழத்தோட நிறுத்திக்கிட்டேன்” என்றார்.

வாத்து இன்னும் வருகிறது. குருத்தெலும்பில் போன விறைப்பு திரும்பாது. பெல் அடித்தால் இரண்டு ‘ஹாங்க்’, விருந்தாளி வந்தால் நான்கு. அதற்கு யாரும் எழுந்திருப்பதில்லை. சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓடுகிறது: 22, 20, 24, 21. நேற்று இரவு நான் மறந்தே போனேன். காலையில் பார்த்தால், அம்மாவின் நடுங்கும் கையெழுத்தில் 23 என்று எழுதியிருந்தது.